நடுவயதில் மார்பக அழகு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

40 வயதைக் கடந்து மார்பக அழகு அறுவை சிகிச்சை செய்துகொள்ள விரும்புவோர், அது ஒருமுறையுடன் முடிந்துவிடுவதன்று என்பதை அறிய வேண்டும்.

மார்பகத்தினுள் பொருத்தப்படும் சிலிக்கோன் பைகள் ஆயுள் முழுவதும் நீடிப்பவை அல்ல என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். 45 வயதில் பொருத்திக்கொள்பவர், முதுமையில் மற்றோர் அறுவை சிகிச்சையை எதிர்கொள்ள நேரலாம். கசிவைக் கண்டறிய 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேன், பின்னர் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை என்பது அதன் பரிந்துரை.

இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயே அதிகம். மேமோகிராம் படத்தில் இப்பைகள் திசுவின் ஒரு பகுதியை மறைக்கக்கூடும். எனவே, சிகிச்சைக்கு முன்பே மேமோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது.

தொய்வு மட்டுமே குறையெனில், பை பொருத்தாமல் மார்பகத்தை உயர்த்தும் சிகிச்சையும் உண்டு. அழகுக்கான சிகிச்சைக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. மறுசிகிச்சைச் செலவையும் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும்.