முயலுக்கு ஒரு மூலை

செந்துறை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஞாயிறு திருப்பலியை முடித்துக்கொண்டு புறப்படும் வேளையில், குடும்பத் தலைவர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சாமி, பிள்ளை வளர்க்கிற முயலால் வீட்டில் ஓயாத தொல்லை. முந்திரிக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்றார். அடுத்த ஊர்த் திருப்பலிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "விட்டுவிடுங்கள், எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அருகே நின்ற அவர் மகள், அவ்வாண்டுதான் புதுநன்மை வாங்கிய சிறுமி, "நாய் கடிக்காதா சாமி?" என்று கேட்டாள். விடை கூற எனக்குத் தெரியவில்லை.

அவள் கேள்வி என்னை விடவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவரைக் கண்டு விசாரித்தேன். நம் தோப்புகளில் ஓடித் திரியும் காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு என்றார் அவர். முன்னது இம்மண்ணுக்குரியது, கண் திறந்தபடி, மயிர் போர்த்த உடலோடு பிறப்பது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல். அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பின்னதோ ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்தது. கண்மூடி, மயிரின்றிப் பிறப்பது. வெள்ளை வெளேரென்ற அந்தப் பிராணியைத் தோப்பில் விட்டால் ஓர் இரவு தப்புவதும் அரிது. நான் வழங்கியது ஆலோசனையன்று, மரண தண்டனை. உடனே அவ்வூருக்கு ஆளனுப்பி, முயலை விடவேண்டாம் எனத் தடுத்தேன்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். முயலை வீட்டுப் பிராணியாக்கியவர்கள் நம் துறவியரே என்றொரு கதை நெடுங்காலம் நூல்களில் வழங்கிவந்தது. கி.பி. 600 அளவில் பாப்பிறை கிரகோரியார், முயற்குட்டி இறைச்சியாகாது, தவக்காலத்தில் உண்ணலாம் என்று அறிவித்தாராம். அதனால் பிரெஞ்சு மடங்களில் முயல் வளர்த்தார்களாம். 2018-இல் ஆய்வாளர்கள் மூலத்தைத் தேடியபோது அப்படியோர் அறிவிப்பே அகப்படவில்லை. தூர் நகர் ஆயர் கிரகோரியார், தவக்காலத்தில் முயற்குட்டி தின்ற ஒருவனைப் பற்றி எழுதிய செய்தியே பெயர் மாறிப் பாப்பிறையின் தலையில் ஏறியிருந்தது. நானும் அக்கதையைப் பிரசங்கத்தில் சொன்னவன்தான்.

மறுவாரம் அவ்வீட்டிற்குச் சென்றேன். தாயார் தையல் தொழில் செய்பவர். கறைபட்ட இரவிக்கைத் துணி ஒன்றை என் முன் விரித்துக் காட்டினார். "கூலிக்கு வந்த துணி சாமி. ஈடு கொடுத்தோம்" என்றார். துடைப்பத்தால் அடித்தும் பயனில்லையாம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அடிவாங்கிய முயல் அடித்தவரைக் கண்டு அஞ்சுமேயன்றி, எதற்காக அடி விழுந்தது என்று அதற்கு விளங்காது.

உண்மையில் முயல் கண்ட இடத்தையெல்லாம் அசுத்தம் செய்யும் பிராணியன்று. ஒரு மூலையைத் தானே தேர்ந்துகொண்டு அங்கேயே திரும்பத் திரும்பச் செல்லும் இயல்புடையது. பண்ணைகளில் கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் அடைப்பதால் புழுக்கை கீழே விழுந்துவிடும். இக்கேள்வியே அங்கு எழாது. வீட்டிலோ அது தேர்ந்த இடத்தை நாம்தான் கவனிக்க வேண்டும். இவ்வீட்டு முயல் தேர்ந்தது தையல் இயந்திரத்தின் பின்புறம். மெத்தென்ற துணிக்குவியல் அதற்குப் பிடித்துவிட்டது.

"தட்டை அங்கேயே வையுங்கள், துணியை வேறிடத்திற்கு மாற்றுங்கள்" என்றேன். தாயாருக்கு இது உவப்பாயில்லை. "முயலுக்காக நான் இடம் மாற்றுவதா?" என்றார். மகள் ஏதும் பேசாமல் துணிகளைப் பரணில் அடுக்கத் தொடங்கினாள்.

பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்று, விளிம்பு தாழ்ந்தது, தட்டாயிற்று. அடியில் செய்தித்தாள், அதன்மேல் வைக்கோல். ஒரு கோடியில் காய்ந்த அருகம்புல் ஒரு கட்டு. ஏனெனில் முயல் புல்லை மெல்லும்போதே புழுக்கை இடும் வழக்கமுடையது. வெளியே சிதறிய புழுக்கைகளைப் பொறுக்கித் தட்டிலேயே போட வேண்டும்; மூத்திரம் பட்ட தாளில் ஒரு துண்டையும் அதில் விட்டுவைக்க வேண்டும். அந்த வாடையே அதற்கு வழிகாட்டி. தரையில் பட்டதை மட்டும் வினிகர் கலந்த நீரால் துடைத்து, வாடையை அடியோடு போக்கிவிட வேண்டும். முதலில் அம்மூலையைச் சுற்றி நாலடி இடத்தை அடைத்து அதற்குள் விட்டார்கள். தட்டில் பழகப் பழக அடைப்பை விரித்தார்கள். தாளையும் வைக்கோலையும் நாள்தோறும் மாற்றுவது சிறுமியின் பொறுப்பு. மாற்றாவிட்டால் மூத்திர நெடி முயலின் மூச்சையே கெடுக்கும்.

முயல் தன் பின்புறத்தில் வாய்வைத்து உண்பதைக் கண்டு தாயார் முகம் சுளித்தார். அது மென்மையான வேறுவகைப் புழுக்கை. குடலில் நொதித்துச் சத்து நிரம்பியது. அதைத் தடுத்தால் முயல் மெலிந்துபோகும். மூத்திரம் சில நாள் செந்நிறமாய் இருப்பதும் பெரும்பாலும் தீவனத்தின் சாயமே. முக்கி முனகினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுக.

இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு வெற்றி என்று செய்தி வந்தது. பின்பு ஒருநாள் முயல் சுவரோரமெல்லாம் மூத்திரம் பீச்சத் தொடங்கியது. பழக்கம் கெட்டுவிட்டதென்று எல்லோரும் சோர்ந்துபோனார்கள். அது ஆண் முயல், நாலைந்து மாதத்தில் பருவமடைந்து எல்லை குறிக்கிறது, அவ்வளவே. அறுவை செய்து காயடித்தால் பெரும்பாலும் அடங்கும். முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நுட்பமான வேலையாதலால், பழகிய கையாய்ப் பார்த்துத்தான் செல்ல வேண்டும். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பயணச் செலவை நினைத்துத் தகப்பனார் இன்னும் யோசிக்கிறார்.

சென்ற மாதம் போயிருந்தேன். தட்டில் சேர்ந்ததைச் சிறுமி கறிவேப்பிலைக் கன்றின் அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து துணி எடுக்க முக்காலி போடவேண்டியிருக்கிறது என்று தாயார் குறைப்பட்டார். தகப்பனாரின் செருப்பில் இரண்டு புழுக்கைகள் கிடந்தன. அவர் அதைத் தட்டி உதறிவிட்டு, மாட்டிக்கொண்டு என்னை வழியனுப்ப வந்தார்.