மறுமுறை ஓட்டினால் மறைந்துவிடும் பிழை

சேமித்து வைத்த படம் மறுநாள் திறக்கவில்லை என்றால் நாம் முதலில் திட்டுவது வட்டைத்தான். பல நேரங்களில் அது அப்பாவி. இயங்குதளத்துக்கும் வட்டுக்கும் நடுவில் நின்று, எதை எங்கே எழுத வேண்டும், எங்கிருந்து படிக்க வேண்டும் என்ற கட்டளைகளைக் கொண்டுசெல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ‘டிரைவர்’. கோளாறு அதிலோ, அதைச் சுற்றியுள்ள அடுக்குகளிலோ இருக்கலாம்.

இத்தகைய மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் நான் பணியாற்றுகிறேன். என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துக்கொள்வேன். உண்மையில் என் காலைப் பொழுது சிவப்புக் கட்டங்களைப் பார்ப்பதில் போகிறது.

யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் அன்றிரவே தானியங்கிச் சோதனைகள் தொடங்கிவிடும். அவை ஆயிரக்கணக்கான கோப்புகளை எழுதும், அழிக்கும், நடுவில் மின்சாரம் போனதுபோல் பாவனை செய்யும். தேறிய சோதனை பச்சை, தவறியது சிவப்பு.

சிவப்பைக் கண்டதும் கை தானாகவே ‘மீண்டும் ஓட்டு’ பொத்தானுக்குப் போகும். பச்சை வந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. சில வேளைகளில் அந்த நிம்மதி நியாயமானதே. சோதனைக் கணினியில் இடம் தீர்ந்திருக்கும், அல்லது அது மெதுவாக இயங்கி நேர வரம்பைத் தாண்டியிருக்கும். ஆனால், காரணம் தெரியாமல் மறைந்த சிவப்புதான் என்னை உறுத்தும். அது யாரோ ஒருவருடைய கணினியில், அவருடைய கோப்புகளோடு திரும்பி வரக்கூடும்.

2018ல் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்த ஆண்டு அக்டோபரில் லினக்ஸ் 4.19 வெளியானது. அடுத்த மாதமே, கோப்புகள் சிதைகின்றன என்று சில பயனர்கள் முறையிட்டனர். பிழைச் செய்திகள் எல்லாம் ‘எக்ஸ்ட்4’ என்ற கோப்பு முறைமையையே சுட்டின. அதன் பராமரிப்பாளர்களின் சோதனைகளிலோ பிழை தலைகாட்டவில்லை.

குற்றவாளி ஓர் அடுக்கு கீழே, வட்டுக்கான கோரிக்கைகளைக் கையாளும் பகுதியில் இருந்தது. உணவங்காடியில் நீங்கள் இரண்டு தோசை கேட்கிறீர்கள். கடைக்காரர் சீட்டு எழுதிவிட்டு, “கொஞ்சம் பொறுங்கள்” என்கிறார். அதற்குள் பின்னால் வந்த நண்பரின் இரண்டு தோசையும் உங்கள் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சமையற்கட்டுக்குப் போனதோ பழைய சீட்டு. நான்கு தோசைக்குக் கணக்கு, தட்டில் இரண்டு!

அங்கும் அப்படித்தான். வட்டு ‘இப்போது முடியாது’ என்று திருப்பிய கோரிக்கையோடு இன்னொன்றை இணைத்தார்கள். ஆனால் முதலில் தயாரித்த பட்டியல் மாறவில்லை. ஆகவே, கோரிக்கையின் ஒரு பகுதி மட்டுமே நிறைவேறியது. அதுவும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ‘ஷெட்யூலர்’ இல்லாமல் ஓடிய கணினிகளில், வட்டு பரபரப்பாக இருந்த தருணங்களில் மட்டும்! டிசம்பரில் திருத்தம் வந்தது.

4.18க்கும் 4.19க்கும் இடையே பத்தாயிரத்துக்கும் அதிகமான மாற்றங்கள். அவற்றில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘பைசெக்ட்’ என்ற முறையில் பட்டியலின் நடுவிலுள்ள பதிப்பைச் சோதிப்பார்கள். பிழை இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சுமார் 14 படிகளில் விடை கிடைக்கும். பயனர் ஒருவர் தம் சொந்தக் கணினியில் பொறுமையாக இதைச் செய்தது விசாரணையைச் சரியான திசைக்குத் திருப்பியது.

பொறுமை என்று சும்மா சொல்லவில்லை. 20 முறைக்கு ஒருமுறை மட்டும் தோன்றும் பிழை என்று வைத்துக்கொள்வோம். 20 முறை ஓட்டிப் பார்த்தும் அது கண்ணில் படாமல் போக 36 விழுக்காடு வாய்ப்புண்டு. அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர 59 முறை ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரு பதிப்பை ‘நல்லது’ என்று குறித்துவிட்டால், மீதித் தேடல் முழுவதும் தவறான பாதியில் நடக்கும். தொடக்கக் கல்லூரியில் நிகழ்தகவுப் பாடத்தின்போது “இது எதற்கு உதவும்?” என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில் இந்தக் கணக்குதான்.

இந்தத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் பெரிய ஆய்வுக்கூடத்தைத் தேட வேண்டியதில்லை. பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டுங்கள். லினக்ஸுடனேயே ‘ஸ்கசி டீபக்’ என்ற போலி வட்டு வருகிறது. அது நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டுபோல் காட்டும். நாம் கேட்டுக்கொண்டால் வேண்டுமென்றே பிழையும் செய்யும். ‘பிளாக்டெஸ்ட்ஸ்’ என்ற சோதனைத் தொகுப்பும் இலவசமே. ஓட்டும்போது சிவப்பு ஏதாவது வந்தால், பொத்தானை மறுபடி அழுத்துவதற்கு முன் பதிவுக் கோப்பை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த ஓட்டம் அதை அழித்துவிடலாம்.