மெத்தனால் நஞ்சு: நாவும் கண்ணும் கண்டறிய இயலாதது

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விற்கப்பட்ட பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதில் மெத்தனால் கலந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இதே நஞ்சே உயிர்களைக் கொண்டுபோயிற்று.

முன்னரே சோதித்து அறிய வழியுண்டா?

இக்கேள்வியைப் பல குடும்பத்தினர் எம்மிடம் எழுப்புகின்றனர். அமெரிக்காவில் போதைப்பொருளில் ஃபென்டனில் கலந்துள்ளதா என அறியும் சோதனைப் பட்டைகள், முன்பு போதைச் சாதனங்களாகக் கருதப்பட்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன. உயிர்காக்கும் பொருள் என உணர்ந்து பல மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தி அவற்றை அனுமதித்தன. இங்கோ சாராயம் வாங்குவோர் கையில் அத்தகைய சோதனை ஏதுமில்லை. மெத்தனாலின் மணமும் நிறமும் சாதாரண மதுவை ஒத்தவை. கொளுத்திப் பார்த்தாலும் பயனில்லை. இரண்டுமே நீலச்சுடரோடுதான் எரியும். “கல்வராயன் மலையில் காய்ச்சியது” என்னும் சொல்லும் உறுதியாகாது. தொழிற்சாலைக் கரைப்பானை இடையில் எவரும் கலந்துவிடலாம்.

உடலில் நிகழ்வது என்ன?

கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலமே கண் நரம்பையும் மூளையையும் சிதைக்கிறது. சுமார் 10 மில்லி தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே பறிக்கலாம். அமிலம் சேரப் பல மணி நேரமாகும் என்பதால், குடித்தவர் முதல் 12 முதல் 24 மணி நேரம் வரை நலமாகவே தோன்றலாம். பிறகு வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு ஆகியவை தொடங்கும். இவற்றை வெறும் போதைத் தெளிவின்மை என எண்ணி உறங்க வைப்பதே பேராபத்து.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• உடன் குடித்த ஒருவருக்கு அறிகுறி தோன்றினாலும், மற்ற அனைவரும் உடனே மருத்துவமனைக்கு வருக. 108 ஊர்தியை அழையுங்கள்.
• மோர், எலுமிச்சைச் சாறு, உப்புநீர் எதுவும் இந்நஞ்சை முறிக்காது. வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள்.
• எஞ்சிய பாக்கெட் இருப்பின் கொண்டுவருக.
• குடித்த நேரத்தையும் அளவையும் மறைக்காமல் கூறுக.

மருத்துவமனையில் ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் கொண்டு அமிலம் உருவாவதைத் தடுக்கிறோம். சோடியம் பைகார்பனேட்டால் அமிலத்தன்மையைச் சீர்செய்கிறோம்; டயாலிசிஸ் மூலம் நஞ்சை வெளியேற்றுகிறோம். விரைவில் தொடங்கினால் உயிரும் பார்வையும் தப்பும் வாய்ப்பு மிகுதி.

அச்சம் வேண்டா

1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் 2024இல் கடுமையாக்கப்பட்டது. உயிரிழப்புக்குக் காரணமான விற்பனையாளருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. வழக்குக்கு அஞ்சிக் குடித்ததை மறைப்போர் பலர். நஞ்சுண்டவர் பற்றிக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எம் கடமைதான்; ஆனால் அதற்காகச் சிகிச்சையை ஒரு நிமிடமும் தாமதிப்பதில்லை. “சாராயம் குடித்தார்” என்ற இரு சொற்களே சரியான மருந்தை விரைவில் தொடங்க எமக்கு உதவும்.