கருந்திரை – 7: உண்டு, இல்லை, வேண்டும்போது

ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் நின்றால், மனுகாவ் வளைகுடாவின் அக்கரையில் ஆக்லாந்து விமான நிலையத்தில் விமானங்கள் இறங்குவது தெரியும். ஊரிலிருந்து வரும் எந்தத் தாய்க்கும் அங்கே முதல் சோதனை ஊறுகாய்தான். உணவுப்பொருள் உண்டா? விதை உண்டா? உண்டு, இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கருவேப்பிலைக் கொத்தை மறைத்து மாட்டினால் 400 டாலர் அபராதம்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலைக் கட்டமைக்க முதல்முறை உட்கார்ந்தபோது எனக்கு அந்த விமான நிலையக் கேள்விப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. ஒரே வேறுபாடு, கேள்விகள் இங்கே ஆயிரக்கணக்கில்.

கெர்னல் என்றால் என்ன என்பதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதை நாமே மூலநிரலிலிருந்து கட்டப்போகிறோம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய மடிக்கணினியை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தை ஏற்றினேன். தமிழகத்தில் அரசு மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய அதற்கும் அடித்தளம் டெபியன்தான்.

டெபியன் தரும் கெர்னல் ஊருக்கே சமைத்த பந்தி. யார் எந்தக் கணினியோடு வருவார் என்று தெரியாததால் எல்லா டிரைவரும் அதில் இருக்கும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ் சுமார் 10,000 வரி. இன்றைக்கு 4 கோடி வரியைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தாம். என் மடிக்கணினி வாழ்நாளில் பார்க்கப்போகாத வலையட்டைகள், காட்சி அட்டைகள், ஜாய்ஸ்டிக்குகள்.

மூலநிரலை இறக்கி விரித்து 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீலத் திரையில் கேள்விப் பட்டியல் வரும். பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே தைத்துவிடு. 'என்' என்றால் வேண்டாம். 'எம்' என்றால் மாட்யூலாகத் தனியே வை, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன். இந்த மூன்றாவது பதில் விமான நிலையத்தில் செல்லாது.

ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. அதற்கொரு குறுக்கு வழி உண்டு: 'லோக்கல்மாட்கான்ஃபிக்'. இப்போது கணினியில் எந்தெந்த மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கிறதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களுக்கெல்லாம் 'இல்லை' என்று தானே எழுதிவிடும். ஜூலை மாதத்துக் குளிர் இரவு. கம்பைல் ஓட ஓட மடிக்கணினியின் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட, நான் அதில் கையைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டின் ஹீட்டரைவிட அது மேல்.

கம்பைல் முடிந்த அவசரத்தில், உருவான கெர்னல் கோப்பை மட்டும் கையால் பூட் அடைவுக்குள் நகலெடுத்து, பூட் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினேன். கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஓடி அப்படியே நின்றது. கெர்னல் பேனிக். மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்றது.

காரணம் எளிது. வட்டைப் படிக்கும் டிரைவர் என் கட்டமைப்பில் மாட்யூலாக இருந்தது. அந்த மாட்யூல் இருப்பதோ அதே வட்டில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய கதை. இதற்காகத்தான் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு சின்ன மூட்டையைக் கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றுகிறார்கள். அவசியமான மாட்யூல்கள் அதற்குள் இருக்கும். 'மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்' என்ற இரண்டு கட்டளைகளையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் டெபியனே அந்த மூட்டையைக் கட்டியிருக்கும். நான் கொடுக்கவில்லை. பழைய கெர்னலை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தேன். பூட் பட்டியலில் அதைத் தேர்ந்து உள்ளே வந்து, விட்ட இரண்டு கட்டளைகளையும் கொடுத்தேன். எழுந்துகொண்டது.

மறுநாள் மாலை, இரண்டு வீடு தள்ளியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒரு பென் டிரைவோடு வந்தார். அவருடைய அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள் படங்கள். செருகினால் திறக்கவில்லை. முந்தைய இரவு கட்டமைத்த நேரத்தில் எந்தப் பென் டிரைவும் செருகியிருக்கவில்லை. ஆகவே அதைப் படிக்கும் மாட்யூல்களுக்கும் 'இல்லை' விழுந்திருக்கிறது. குறுக்கு வழி கணினியைப் பார்த்த ஒரு நொடியை வைத்து அதன் முழு வாழ்க்கையையும் முடிவுசெய்துவிட்டது.

எரிச்சலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மூலநிரலோடு வரும் இயல்புக் கட்டமைப்பான 'டெஃப்கான்ஃபிக்'கிலிருந்து தொடங்கினேன். அதில் பென் டிரைவுக்கான ஃபேட் கோப்பு முறைமை கெர்னலுக்குள்ளேயே தைத்து வருகிறது. இந்த முறை கட்டளை கொடுத்துக் கையால் ஏற்றிப் பார்த்தேன். திறந்தது.

"இதென்ன தம்பி, முழுக்கக் கேள்விக்குறியாக் கிடக்குது? நான் இப்பிடியோ பேர் வைச்சனான்?"

அவர் கோப்புறைக்கு வைத்த பெயர் 'அம்மா 60'. திரையில் ஐந்து கேள்விக்குறி, அதற்குப் பின் 60. மூன்றெழுத்து அம்மாவுக்கு ஏன் ஐந்து என்று எண்ணிப் பார்த்தேன். அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூனிகோடில் அம்மா ஐந்து குறிகள். மொழிபெயர்க்க முடியாமல் கெர்னல் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. எண்ணுக்கு மட்டும் சிக்கல் வரவில்லை.

பென் டிரைவில் தமிழ்ப் பெயர் பழுதில்லாமல்தான் இருக்கிறது. ஃபேட் நீண்ட பெயர்களை யூனிகோடில்தான் சேமிக்கிறது. அதை எடுத்து நமக்குக் காட்டும் எழுத்துத் தொகுதி எது என்பதே கேள்வி. மெனுகான்ஃபிக்கில் கோப்பு முறைமைகள் பகுதிக்குள் இறங்கித் தேடினேன். குறும்பெயர்களுக்கு இயல்பு விடை 437: 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 256 எழுத்து அட்டவணை. காட்டும் எழுத்துகளுக்கு இயல்பு விடை ஐஎஸ்ஓ 8859-1: மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அடுத்த வரியில் 'யூடிஎஃப்-8 இயல்பாக இருக்கட்டுமா?' என்று ஒரு கேள்வி. அதற்கு முன்கூட்டியே போட்டிருந்த விடை 'இல்லை'.

காட்டும் எழுத்துத் தொகுதியாக யூடிஎஃப்-8 இல்லாததற்குக் காரணம் இல்லாமலில்லை. ஃபேட்டில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. எழுத்துத் தொகுதியாக யூடிஎஃப்-8-ஐப் போட்டால் அந்த ஒப்பீடு கெட்டுவிடும். அங்கே அதைப் போடாதே என்று உதவிக் குறிப்பே சொல்கிறது. நியாயம்தான், ஆனால் அது யாருடைய கவலை? தமிழில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது! விநியோகங்களின் மேசைத்திரைகள் பென் டிரைவை ஏற்றும்போது யூடிஎஃப்-8 என்று தாமே சொல்லிவிடுவதால் நம் கண்ணில் இது பட்டதே இல்லை. கையால் கட்டினால்தான், நமக்காக வேறு யாரோ எப்போதோ 'இல்லை' என்று சொல்லிவைத்த இடங்கள் தெரிகின்றன.

எழுத்துத் தொகுதியைத் தொடாமல், தனியாக இருந்த அந்த யூடிஎஃப்-8 கேள்விக்கு 'ஒய்' போட்டேன். மறுபடி மேக். மாறிய பகுதிகளை மட்டும் கம்பைல் செய்யும் என்பதால் அக்கா தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. மறுபடி இயக்கி, வரைகலை இல்லாத கறுப்புக் கன்சோலில் பட்டியலைக் கேட்டேன். இப்போது கேள்விக்குறிகள் போய் வெறும் கட்டங்கள். கெர்னலின் கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம். கொம்பையும் காலையும் ஒட்டிச் சேர்க்கும் வேலையும் அதற்குத் தெரியாது. மேசைத்திரைக்குள் போனபின் 'அம்மா 60' வந்து நின்றது.

அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் அவருடைய அம்மா கேக் வெட்டாமல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தை உடன டொரன்டோவில மகளுக்கு அனுப்பிவிடுங்கோ தம்பி."

மூலையில் வைஃபை சின்னத்தைத் தேடினேன். இல்லை. டெஃப்கான்ஃபிக்கில் என் வைஃபை சில்லுக்கான டிரைவருக்கு என்ன விடை போட்டிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

(தொடரும்)