"15 வருஷத்து பழைய டொமைன் இருக்கு" என்று ஆசை காட்டுகிறார்களா? பணம் கட்டும் முன் உஷார்!

வாலிநோக்கம்,-

ராமேசுவரம், தனுஷ்கோடி, ஏர்வாடி தர்கா என்று வெளியூர்க்காரர்கள் வந்து போகும் கடற்கரை இது. வாலிநோக்கத்தில் சொந்த வேன் ஓட்டும் வாலிபர் ஒருவர், சவாரி பிடிக்க இணையதளம் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக டொமைன், அதாவது இணையதளப் பெயர், பதிவு செய்தால் வருஷத்துக்கு சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் புரோக்கர் ஒருவர், "15 வருஷ பழைய பெயர் கைவசம் இருக்கு. கூகுளில் முதலில் வரும். 40 ஆயிரம் கொடுங்க" என்கிறார். வேன் தவணைக்கு வைத்திருந்த பணம் அது. கொடுக்கலாமா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வயசுக்கு மதிப்பு இல்லை

பெயரின் வயசால் மட்டும் தேடலில் எந்தப் பலனும் இல்லை என்று கூகுள் நிறுவனத்தின் ஜான் முல்லர் 2019-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார். காலாவதியான பெயரை வாங்கி, அதன் பழைய செல்வாக்கை வைத்து உருப்படி இல்லாத பக்கங்களை மேலே ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் மோசடி பட்டியலில் சேர்த்தது. அதேசமயம், பழைய பெயரில் மக்களுக்கு உபயோகமான தளம் நடத்தினால் தடை இல்லை.

வயசிலும் ஏமாற்று உண்டு. உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்டால், டாட் காம் பெயர் மீட்பு அவகாசம் 30 நாள், அதன்பின் 5 நாள் கழித்து நீக்கப்படும். பிறகு யார் பதிவு செய்தாலும் பதிவு தேதி புதிதுதான்.

ஜாதகம் பாருங்க

முதலில் பதிவு விவரத்தில் பெயர் தொடங்கிய தேதியைப் பாருங்கள். அடுத்து, 'வேபேக் மெஷின்' என்ற இலவச தளத்தில் அந்தப் பெயரைப் போட்டால் பழைய பக்கங்கள் தெரியும். இடையில் சூதாட்டம், ஆபாசம் என்று ஓடியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

பெயர் போனில் சொன்னதும் எழுத வர வேண்டும். கீழக்கரையை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். 'ஏர்வாடி' என்று மட்டும் இருந்தால் நெல்லை மாவட்ட ஏர்வாடியைத் தேடுபவர்களும் வந்து குழம்புவார்கள்.

கோர்ட்டு தீர்ப்பு

பிரபல நிறுவனத்தின் பெயரைப் போல இருந்தால் வம்புதான். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே நிறுவனம் 'சிஃபி' பெயருக்காக, ஒரு எழுத்து மட்டும் கூடுதலாக வைத்த 'சிஃபிநெட்' என்ற நிறுவனம் மீது வழக்கு போட்டது. வர்த்தக முத்திரைக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று 2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. எனவே ரெயில்வே, பெரிய டிராவல்ஸ் பெயர்களை ஒட்டிய டொமைன் வேண்டவே வேண்டாம்.

3½ கோடி டாலர்!

'வெக்கேஷன் ரென்டல்ஸ் டாட் காம்' என்ற பெயரை 2007-ல் ஹோம்அவே நிறுவனம் 3½ கோடி டாலருக்கு வாங்கியது. போட்டியாளரான எக்ஸ்பீடியாவுக்குப் போகக்கூடாது என்றே வாங்கியதாக அதன் தலைவர் பிறகு சொன்னார். கடைசியில் 2015-ல் ஹோம்அவேயையே எக்ஸ்பீடியா வாங்கிவிட்டது! அங்கே காசு கொடுத்தது வயசுக்கு அல்ல. வாடகை வீடு தேடுபவர் எல்லாரும் தட்டும் வார்த்தைக்கு.

விலை போடுவது எப்படி?

இப்போதும் அந்தப் பெயருக்கு ஆட்கள் வருகிறார்களா என்பதுதான் கணக்கு. மாதம் 2 சவாரி கிடைத்து, செலவு போக தலா 1,000 ரூபாய் நின்றால் வருஷத்துக்கு 24 ஆயிரம். அதற்கு 40 ஆயிரம் கொடுத்தால், போட்ட காசை எடுக்கவே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஆட்கள் வரவே இல்லை என்றால் அது வெறும் பெயர். புதுப் பெயர் விலையில் இருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

வருகைக் கணக்கை போட்டோவாக அனுப்பினால் நம்ப வேண்டாம். கூகுள் கணக்கை கண் முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். பணத்தை நேரடியாக அனுப்பாமல், பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் 'எஸ்க்ரோ' சேவை மூலம் கொடுங்கள். பெயர் உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில் பதிவானதா என்று சரிபாருங்கள்.

இதில் ஒன்றுக்கு புரோக்கர் மறுத்தாலும் தவணைப் பணத்தைத் தொட வேண்டாம். புதுப் பெயரே போதும்.