பழைய எச்.பி.வி. தொற்று மறுமணத்துக்குத் தடையா?



சென்ற மாதம் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவரை இழந்த மகளுக்கு மறுமணம் பேசியிருக்கிறார்கள். மகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் எச்.பி.வி. தொற்று இருந்தது. பிறகு எடுத்த பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது. “வரப்போகும் மாப்பிள்ளைக்கு இது ஒட்டிக்கொள்ளுமா தம்பி?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பலர் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எச்.பி.வி. என்பது 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட வைரஸ். அவற்றில் சில தாம்பத்திய உறவில் பரவும். மணமான ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையாவது இது வந்து போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பு சக்தியே அதை அடக்கிவிடும். வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் இருக்கக்கூடியது என்பதால், எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டறிய முடியாது. எனவே இதைக் காட்டி ஒருவரின் ஒழுக்கத்தைப் பழிப்பது அவதூறு.

பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தபின் துணைக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு அது உடலில் அடங்கிக் கிடந்து மீண்டும் தலைகாட்டலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுமையாகத் தடுக்காது. மறைவிடத்தில் மரு இருந்தால் முதலில் சிகிச்சை பெறுங்கள். ஒரே சஹனில் சாப்பிடுவதால் இது பரவாது.

ஆண்களுக்கு இதைக் கண்டறிய வழக்கமான பரிசோதனை இல்லை. ஆகவே மாப்பிள்ளையிடம் சான்றிதழ் கேட்பதில் பயனில்லை. மணமக்கள் இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவரிடம் பேசுவதே நல்லது. நிக்காஹுக்கு முன் எதைச் சொல்ல வேண்டும் என்ற மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் தனியாகக் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது, தொற்று நீங்காமல் தங்கிவிடுவதற்குத்தான். 16, 18 ஆகிய இரு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அது உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். 30 வயது கடந்த சகோதரிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பு தொற்று இருந்தவர்கள் மருத்துவர் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. 9 முதல் 14 வயதுக்குள் நம் பெண் பிள்ளைகளுக்குப் போடுவதே சிறந்தது.

அந்தத் தாயாரிடமும் இதையே சொன்னோம். பிறர் நோயை மறைத்துக் காப்பது அமானிதம். ஒரு பழைய மருத்துவச் சீட்டுக்காக ஒரு பெண்ணின் வாழ்வு நின்றுவிடக் கூடாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்