தொலைதூர நிலையங்களை அறிவிக்கும் ஹாம் வானொலியாளர்கள்

தொலைதூர நிலையம் ஒன்று காதில் விழுந்ததும் ஹாம் வானொலியாளர் அதை மற்றவர்களுக்கு அறிவிப்பது ‘ஸ்பாட்’ எனப்படும். அந்த நிலையத்தின் அழைப்புக்குறி, அதிர்வெண், கேட்ட நேரம், அறிவித்தவரின் குறி ஆகிய நான்கும் ஒரே வரியில் அடங்கிவிடும். 1980களின் பிற்பகுதியில் கணினிகளை வானொலி வழியே இணைத்துத் தொடங்கிய இந்தப் பரிமாற்றம் இன்று இணையத்தில் நொடிகளில் நடக்கிறது.

வேகம் தேவைப்படுவதற்குக் காரணம் வானம். போடிநாயக்கனூரிலிருந்து மிக உயர் அதிர்வெண் அலைகளை மேற்கே அனுப்பினால் போடிமெட்டு மலைச்சுவர் மறிக்கும். சிற்றலைகளோ மேலெழுந்து, அயனி மண்டலத்தில் திரும்பி, கடல் கடந்து இறங்கும். அந்த மண்டலம் சூரியனைப் பொறுத்து மாறுவதால், திறந்த பாதை சில நிமிடங்களில் மூடிவிடக்கூடும். ஐரோப்பாவில் தெளிவாகக் கேட்பது போடியில் கேட்காமலே போகலாம். எனவே அருகிலுள்ள மதுரைக்காரர் தரும் ஸ்பாட்டே இங்கு அதிகம் உதவும்.

அரிதான நிலையம் என்றால் உலகமே குவியும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு அந்தமானிலிருந்து ‘வி.யு.4’ எனத் தொடங்கும் அழைப்புக்குறியில் ஒலித்தபோது அப்படித்தான் நடந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கியதும் அக்குழு அதே கருவிகளை மீட்புச் செய்திகளுக்குத் திருப்பியது. இந்திய ஹாம் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய பக்கம் அரிது.

இப்போது தானியங்கி ஏற்பிகளும் மோர்ஸ் ஒலியைக் கேட்டுத் தாமே அறிவிக்கின்றன. ஆனாலும் தவறாகப் பதிந்த ஓர் எழுத்து நொடியில் உலகெங்கும் பரவிவிடும். எனவே ஸ்பாட்டை நம்பி அழைக்காமல், அழைப்புக்குறியைத் தம் காதால் கேட்டு உறுதிசெய்த பிறகே அழைக்க வேண்டும்.